சர்க்கார் கிடாவும் ஒரு பி.ஏ.வும்

சேலத்து வெயிலில் கம்பளியை வளர்ப்பதற்கென்று ஓர் உத்தியோகம் உண்டு என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்; சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அதைத்தான் செய்தேன். குறும்பாடு மேய்ப்பவர்கள் நெய்யும் கம்பளிக்குச் சர்க்கார் ஆதரவு கொடுத்து, அதைப் பெரிய கைத்தொழிலாக்கி, சண்டைக்குப் போயிருக்கும் சிப்பாய்களுக்குப் போர்த்திவிட வேண்டும் என்பது திட்டம். மேலே ஓர் அதிகாரி, கீழே ஓர் ஊர், நடுவில் நாம் என்று மாட்டிக்கொண்டிருக்கும் சக துன்பப்பிராணிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலை கிடைத்த விதம்

எனக்கு முன்னால் பேட்டிக்குக் கூப்பிடப்பட்ட ஆண்கள் எல்லாரும் "ஆடு" என்ற வார்த்தையைக் கேட்டதும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "பொருளாதாரம் படிச்சிருக்கே, சரி. ஆட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அதிகாரி. "மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும் சார்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற சுபாவம் எனக்கு இல்லை. கம்பளிக்கு நூல் நூற்பவர்கள் பெண்கள். அவர்களுக்கு உபதேசம் செய்ய இத்தனை நாளும் ஆண்களை அனுப்பியது என்ன நியாயம் என்று ஆரம்பித்து, கைத்தொழில் இலாகாவின் போன வருஷத்துத் திட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, உன்னை வேலைக்கு எடுத்துக்கறேன். தயவுபண்ணிக் கிராமத்துக்குப் போயிடு. ஆபீஸ்ல மட்டும் இருந்துடாதே!"

பூட்டிய கொட்டகை

அந்தக் கிராமத்துக்கு மந்தைக்காட்டூர் என்று பெயர். நாமக்கல்லிலிருந்து பஸ் போகிற வரைக்கும் போய், பிறகு கால் போகிற வரைக்கும் போக வேண்டும். மலையடிவாரத்தில் சர்க்கார் கட்டிய ஓட்டுக் கொட்டகை இருந்தது. உள்ளே தறி இருந்தது. ஆட்கள்தாம் இல்லை. ஊர் முழுவதும் ஆடுகளோடு மோகனூருக்குப் போயிருப்பதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். அங்கே அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் வயலுக்கு எரு, இவர்களுக்கு நெல், ஆட்டுக்கு மேய்ச்சல்.

நானும் மோகனூருக்குப் போனேன். காவிரிக்கரை வயலோரத்தில், நடந்துகொண்டே கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் ஒரு நடுவயதுப் பெண். நல்லம்மாள். அங்கே மேய்ந்த பெரிய மந்தை அவளுடையது. எனக்கு வந்த கோபத்தில் வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டேன். "சர்க்கார் உங்களுக்காக அத்தனை செலவு பண்ணிக் கொட்டகை கட்டியிருக்கிறது. நீங்கள் இங்கே வந்து நின்றால் எப்படி அக்கா?" என்று பொரிந்து தள்ளினேன். அவள் கையிலிருந்த நூற்புக் கதிரைச் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. "எங்கள யாரு கேட்டாங்க அம்மிணி? கேட்டிருந்தா, சக்கரம் வெச்சுக் கட்டுங்கன்னு சொல்லியிருப்போமுங்க!"

மாப்பிள்ளை

மந்தை ஊர் திரும்பியபோது இலாகா ஒரு சீமைக்கிடாவை அனுப்பியது. இந்த ஊர் ஆடுகளோடு அதைச் சேர்த்தால் குட்டிகளுக்குப் பட்டுப் போல ரோமம் வருமாம். சூரமங்கலம் ஸ்டேஷனில் மரக்கூண்டிலிருந்து இறங்கியபோது அது ஆடாகவே தெரியவில்லை. யாரோ மெத்தையைப் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது. காதில் மட்டும் சர்க்கார் முத்திரை போட்ட பித்தளை வில்லை பளபளத்தது. நல்லம்மாள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். பெயருக்கு ஏற்றாற்போல அதுவும் ஊறவைத்த கடலையைத் தின்றது, நிழலில் படுத்தது, முகம் திருப்பிக்கொண்டது. எந்த ஆட்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மாதாமாதம் நான் அறிக்கை அனுப்ப வேண்டும். கல்யாணமாகாத பெண் இந்த விஷயத்தை எப்படி எழுதுவாள் என்று அதை ஏற்படுத்திய மகானுபாவர் யோசிக்கவில்லை. நான் எழுதினேன்: "கிடா நலம். ஆனால் இவ்வூர் ஆடுகளோடு அதற்குக் கொள்கை வேற்றுமை இருப்பதாகத் தெரிகிறது." அதிகாரி என்னைச் சேலத்துக்குக் கூப்பிட்டு அனுப்பி, காகிதத்தை என் முன்னால் ஆட்டினார். "கிடாவைப் பத்தி எழுதச் சொன்னா, கிடாவோட மனசைப் பத்தி ஏம்மா எழுதறே?"

கம்பளி நாற்றம்

பட்டாளத்துக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி ஒருவர் மாதிரிக் கம்பளி பார்க்க வந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவது இவர்கள் வழக்கம். புதுக்கம்பளி பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. வாசனையும் சுலபத்தில் வெளியே இறங்காது. அவர் கம்பளியைத் தூக்கினார், மோந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதைப் போர்த்திண்டா மனுஷனுக்குத் தூக்கம் வருமா?" என்று என்னைக் கேட்டார். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது. "ஏனுங்க, காவலுக்கு நிக்கறவனுக்குத் தூக்கம் எதுக்குங்க?"

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆடி மாதம் ரோமம் கத்தரித்து நெய்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறும்போது என் காதோரம், "அந்த அம்மாவை மட்டும் பட்டாளத்துக்கு அனுப்பிடாதேங்கோ. எதிரியும் சிரிச்சுட்டா சண்டை நின்னுபோயிடும்!" என்றார்.

ஒரே சர்க்கார், இரண்டு இலாகா

அந்த வருஷம் பார்த்துக் கோடைமழை பொய்த்தது. மந்தைக்காட்டூர் மேய்ச்சல் காய்ந்து சருகாயிற்று. மோகனூர்ப் பக்கம் வயல்களில் பயிர் நின்றது, கிடைக்கு இடமில்லை. மலைச்சரிவில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல். அது காட்டிலாகா புல், ஆடு போகக் கூடாது. சேலத்திலிருந்து கறி யாவாரி வந்து ஆடுகளின் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த சந்தைக்குள்ள சொல்லிருங்க. அப்புறம் எலும்புதான் மிஞ்சும்" என்று நல்லம்மாளிடம் சொல்லிப் போனார். அவர் போன பிறகு அவளும் ஓர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். மந்தை கறிக்குப் போனால் ரோமம் ஏது, கம்பளி ஏது, அவளுக்குப் பிழைப்புத்தான் ஏது?

நான் காட்டிலாகா ரேஞ்சர் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஒரு கையால் கம்பளி கேட்டு மறு கையால் புல்லைப் பூட்டுகிற சர்க்கார் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும் வரைக்கும் பொறுமையாக இருந்தார். "புல்லு எங்க இலாகா. கம்பளி உங்க இலாகா. நடுவுல நிக்கற ஆடு எந்த இலாகான்னு எனக்கு உத்தரவு இல்லைம்மா."

காட்டு வாசலில்

அந்தப் பதிலை நான் கொதித்துக்கொண்டே வந்து ஒப்பித்தேன். நல்லம்மாள் கொதிக்கவில்லை. நிழலில் படுத்துக் கடலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "எலாகா ஆடுதான் நம்மகிட்ட ஒண்ணு இருக்குதுங்களே அம்மிணி" என்றாள். மறுநாள் காலையில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மாப்பிள்ளை, பின்னால் மந்தை, அதற்குப் பின்னால் கடலைக் கூடையோடு நல்லம்மாள், கடைசியில் குடை பிடித்துக்கொண்டு நான். காட்டு எல்லையில் காவல் நின்ற காட்டிலாகா கார்டு கம்பை நீட்டித் தடுத்தார். எல்லாவற்றையும் ஓட்டிப்போய் மாட்டுப் பவுண்டில் அடைத்துவிடுவேன் என்றார். "தாராளமாக அடையுங்கள். முன்னால் நிற்கிற ஆசாமியின் காதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு அடையுங்கள்" என்றேன். பார்த்தார். வில்லையில் இருந்த முத்திரையும் அவர் இடுப்பு வாரில் இருந்த முத்திரையும் ஒரே சர்க்காருடையவை.

"செரி, இது மட்டும் போவட்டும். மத்ததெல்லாம் திரும்போணும்" என்றார். எனக்கு அது போதாதா? "மற்றதெல்லாம் இல்லாமல் இது தனியாகக் காட்டுக்குள் போய் என்ன செய்யும்? தவமா? இந்த ஆடுகளோடு இருப்பதுதான் இதற்குச் சர்க்கார் கொடுத்திருக்கும் வேலை. வேலை நேரத்தில் ஒரு சர்க்கார் ஊழியரை நீங்கள் தடுக்கிறீர்கள். எழுத்தில் கொடுங்கள், நான் மேலே அனுப்புகிறேன்" என்றேன். நான் பேசிக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளை அவர் காலில் சுற்றியிருந்த காக்கிப் பட்டையின் நுனியை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. கார்டு காலை உதறினார், கிடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பை இறக்கினார். "அதும் டூட்டியில இருக்குது, நானும் டூட்டியில இருக்கறனுங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கலீன்னு வெச்சுக்கலாமுங்க."

அறிக்கை

மழை வரும் வரைக்கும் மாப்பிள்ளை ஒரு நாள்கூட லீவு போடாமல் காட்டுக்குப் போய் வந்தது. கறி யாவாரி மறுபடி வந்து, ஆடுகளின் முதுகை அமுக்கிப் பார்த்து, விலையை ஏற்றிச் சொன்னார். "இப்பக் குடுக்கறதுக்கு இல்லீங்க" என்று நல்லம்மாள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். ஆடியில் ரோமம் கத்தரித்தார்கள். தறி ஓய்வில்லாமல் ஓடியது. அதே நாற்றத்தோடு கம்பளிகள் பட்டாளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மந்தையில் ஓர் ஆடு குறையவில்லை. மாப்பிள்ளையின் சாயலில் ஒரு குட்டிகூடப் பிறக்கவும் இல்லை.

எங்கள் அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார்: சீமைக்கிடாவின் வருகையால் மந்தைக்காட்டூரில் கம்பளி உற்பத்தி வெகுவாகப் பெருகிவிட்டதாம், ஆகவே இன்னொரு கிடா அனுப்ப வேண்டுமாம். இது அநியாயம், உண்மையை எழுதிப்போடப் போகிறேன் என்று நான் நல்லம்மாளிடம் குதித்தேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அம்மிணி, எழுதிப்போடாதீங்க! கெழக்கால இன்னொரு காடு அடைச்சே கெடக்குதுங்க!"

ஆகவே, சர்க்கார் கைத்தொழிலுக்கு உதவி செய்வதில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நிறையச் செய்கிறது, என்ன செய்தோம் என்பதுதான் அதற்குக் கடைசி வரைக்கும் தெரிவதில்லை.