பசை மேல் போட்ட பழி

"...அப்போ அந்தப் பசை மேல ஒரு தப்பும் இல்லியா? எட்டு மாசமா உன் எடத்துல குந்திக்கினு தலைநோவுல பேஜாராவுறேனே, அதெல்லாம் சும்மாவா?" என்று அக்கா கேட்டபோது, அவள் கையிலிருந்த சோற்று உருண்டை வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிய முதல் நாளிலிருந்து பக்கத்து சீட்டு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பசை தடவும் மேசை, அவளுக்கு ஜன்னலோரம் நூல் கத்தரிக்கும் மேசை. மதியச் சோறு முடிந்ததும் நான் கழிப்பறைக்கு ஓடுவதும் கண் சிவந்து திரும்புவதும் லைன் முழுக்கத் தெரியும். "எத்தினி மாசம்டி?" என்று முதலில் கிண்டல் செய்தார்கள். மாசங்கள் போயும் வயிறு வராததால், "பசை நாத்தம் ஒத்துக்கல" என்று அவர்களே முடிவு கட்டினார்கள். "மூக்க வூட்ல வெச்சிட்டு வரணும்டி இங்க" என்பாள் ஒருத்தி. அந்தப் பேச்சை இன்றும் ரசிக்கிறேன். அதற்குள் போய் ஒளிந்துகொண்டேனே, அதுதான் அருவருப்பு.

அக்கா சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு இடத்தை மாற்றிக்கொண்டாள். "என்து செத்த மூக்கு சார். அவள ஜன்னலாண்ட உக்கார வைங்க." முதல் வாரமே அவளுக்குத் தலைவலி. நான் ஜன்னல் காற்றில் உட்கார்ந்தேன். மதியம் சத்தமில்லாமல் வாந்தி எடுத்து, முகம் கழுவி, பவுடர் போட்டுத் திரும்பினேன். "பாத்தியா, சரியாப்போச்சு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இளைக்க வேண்டுமென்று காலையில் பட்டினி, மதியம் தின்றதைக் கம்பெனிக் கழிப்பறையில் கக்கிவிடுவது. சாயங்காலம் வீட்டுக்கு ஆள் வருமுன் குக்கர் சோறு, பிள்ளைக்கு வாங்கிய பன், மறுநாள் இட்லிக்கு வைத்த மாவுகூட, நின்றபடியே, ருசி தெரியாமல் தின்பேன். பிறகு நானே வரவழைக்கும் வாந்தி. வாளியில் என் பிள்ளையின் பன் மிதக்கும். கையில், துப்பட்டாவில், தலைமயிரில் அந்தப் புளித்த வாடை. தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலின் நாற்றம் எவ்வளவோ மேல். அது மாட்டுடையது, இது என்னுடையது.

பல்வலி என்று பல் டாக்டரிடம் போனேன். பற்களின் உள்பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்து, "எத்தினி வருஷமா வாந்தி எடுக்கிறீங்க?" என்றார். பசை நாற்றம் என்றேன். "ஞாயித்துக்கெழம பசைக்கு லீவு உண்டா?" என்றார். என் வாயில் மறுபடியும் அவர் கருவி இருந்தது.

அவர்தான் சத்துவாச்சாரியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார். திட்டுவார் என்று பயந்து போனேன். அவர் முதலில் ரத்தம் சோதிக்கச் சொன்னார். வாந்தியில் பொட்டாசியம் குறைந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்குமாம். பிறகு, "இது நோவும்மா, திமிரு இல்ல. காலையில பட்டினி கெடந்தா சாயங்காலம் ஒடம்பு வெறிபுடிச்சி கேக்கும். மொதல்ல காலையில சாப்பிடு" என்றார். மூன்று வேளையும், நடுவில் கொஞ்சமும், நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். தின்றதையும் அப்போது மனதில் ஓடியதையும் எழுதி வாராவாரம் கொண்டுபோக வேண்டும். "சாப்பிட்ட ஒடனே தனியா இருக்காத. யாரையாவது கூட வெச்சிக்கோ."

வீட்டில் கூட இருக்கப் புருஷனிடம் சொன்னேன். மதியத்துக்கு யாரைக் கேட்பது? தன் ஜன்னலைக் கொடுத்தவளை விட்டால் ஆளில்லை. அவளைக் கேட்பதென்றால் முதலில் பொய்யை உடைக்க வேண்டும். இந்தத் துணையும் போய்விட்டால் நான் மறுபடி அந்த வாளிக்குத்தான் போவேன். மறுநாள் கேன்டீன் பெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பன் மிதந்தது, டாக்டரம்மா துணை கேட்டது வரைக்கும்.

அதற்குத்தான் அக்கா அப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு உருண்டையை டப்பாவிலேயே போட்டாள். எங்கள் டப்பாக்கள் தினமும் ஒட்டித்தான் இருக்கும், குழம்பு கைமாறும். தன் டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தாள். "த்தூ" என்றாள். என்னையா பசையையா, தெரியவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். பெஞ்சைச் சுற்றி வந்து, கழிப்பறைப் பக்கத்து முனையில் உட்கார்ந்து, வழியை மறித்துக் காலை நீட்டிக்கொண்டு, மீதிச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.