பச்சை மட்டைப் புத்தகம்

காலை ஏழு ஐம்பது. பாரிஸின் லா சப்பலில் ஒரு தமிழ் மளிகைக் கடையின் இரும்புக் கதவு பாதி உயர்ந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது வெண்டிக்காய்ப் பெட்டியின் மேல் கிடந்த பச்சை மட்டைப் புத்தகம். கனடாச் சமவெளியில், பெயர் சொன்னாலும் ஒருவருக்கும் தெரியாத ஒரு சிற்றூரின் வரலாறு. வீட்டுக்கு ஒரு பக்கம் என்று ஊரவர்களே எழுதித் தொகுத்தது. ஊரின் ஒரே கடை மூடப்பட்டது என்பது அதன் கடைசி வரி.

அந்த ஊர்க் கடையை நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று புத்தகத்தை அனுப்பியவள், லா சப்பல் கடையில் வேலை செய்த அண்ணையின் மகள். அச்சிற்றூருக்கு அருகிலுள்ள நகரொன்றில் அவள் தாதி. அண்ணை இருபது வருடங்களாகப் பிறர் கடைகளில் பெட்டி தூக்கியவர். சொந்தக் கடைக்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆங்கிலமும் தெரியாது. பத்திரிகையில் மொழிபெயர்ப்புச் செய்த பழக்கத்தில், கடை திறக்குமுன் தினமும் இரண்டு பக்கம் நான் வாசித்துச் சொன்னேன். கறிவேப்பிலையை ஆய்ந்தபடி, யார் யாருடைய பிள்ளை, எங்கே பெண் எடுத்தார்கள் என்றே கேட்பார். ஊர் முழுவதும் அவருக்கு உறவு முறையோடு பாடமாகிவிட்டது.

ஊர்க்குழு தொலைபேசித் திரையில் நேர்காணல் வைத்தது. மூன்று பேர், நடுவில் தலைவியான முதிய பெண். குளிர் தாங்குவாரா, மொழிக்கு என்ன செய்வார் என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில்களில் தலைவியின் முகம் இளகவில்லை. அண்ணை என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நாப்பதாம் பக்கத்திலை பனிக்குள்ளை கடிதம் கொண்டுபோன மனிசி, இவவுக்கு ஆர் எண்டு கேளும்."

"அண்ணை, அவையளிட்டை உதெல்லாம் கேக்கக் கூடாது."

"ஆக்களை அறியாமல் என்னெண்டு கடை நடத்துறது? கேளும்."

கேட்டேன். தலைவி எழுந்து போய்விட்டார். திரையில் வெறும் நாற்காலி. நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தேன். அண்ணை அசையவில்லை. சற்றுப் பொறுத்து, சட்டமிட்ட படமொன்றுடன் தலைவி திரும்பினார். குதிரை வண்டி, தபால் பை, தலையில் கம்பளித் துணி கட்டிய பெண். தன் தாய் என்றார். பிறகு அரை மணி நேரம் அவரே பேசினார்.

இன்று காலை லா சப்பலில் அதே கடை வாசலில் வேறொருவர் பெட்டி இறக்குகிறார். என் கையில் நேற்றுத் தபாலில் வந்த புதிய பதிப்பு. மட்டை அதே பச்சை. கடைசிப் பக்கம் அண்ணையின் வீட்டுக்குரியது. அவருடைய பெயர், மனைவி பெயர், பிறந்த ஊர். அதன் கீழே: கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஞாயிறு விடுமுறை.