விட்டுப்போன 'வாஸ்'

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு மூலதனம் மூன்று: ஒரு கரும்பலகை, ஒரு டப்பா சாக்பீஸ், எதைக் கேட்டாலும் சிரிக்காத ஒரு முகம். இதில் மூன்றாவதுதான் எனக்கு அடிக்கடி தீர்ந்துபோகும்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். 'ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்று' என்ற கேள்விக்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நானும் நின்றவன்தான். அந்தப் பாஸிவ் தனியாக வந்தால்கூடச் சமாளித்துவிடலாம். 'ஹூ', 'விச்' என்று ஒன்றைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் வம்பு. தமிழில் 'மாடு முட்டிய மாமனார்' என்றால் முட்டு வாங்கியவர். 'மாட்டை முட்டிய மாமனார்' என்றால் முட்டியவர். ஒரு ஐகாரத்தில் ஆள் தப்பித்துவிடுவார். இங்கிலீஷில் ஆளைக் காப்பாற்றுவது ஒரு 'வாஸ்'. அது விட்டுப்போனால் அடி வாங்கியவன் அடித்தவன் ஆகிவிடுவான்.

மாமனார் உதாரணத்தை நான் சும்மா சொல்லவில்லை.

லீவு லெட்டர்

முருகேசன் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. மாமனார் வீடு முக்கூடலில். ஒருநாள் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்த மாமனாரை, மிரண்டு ஓடிவந்த ஒரு மாடு முட்டித் தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்துவிட்டது. கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் வடக்கத்திக்காரர். அவருக்கு இங்கிலீஷில்தான் லீவு லெட்டர் எழுதவேண்டும். என்னிடம் படித்த தைரியத்தில் முருகேசன் என்னிடம் காட்டாமலே எழுதி அனுப்பிவிட்டான். 'மை ஃபாதர் இன் லா, ஹூ நாக்ட் டவுன் எ கௌ, இஸ் இன் ஹாஸ்பிட்டல்.' அதாவது, ஒரு மாட்டை முட்டித் தள்ளிய என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

மேனேஜர் மூன்று நாள் லீவு கொடுத்தார். நல்ல மனுஷன், மூன்றாம் நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். மாமனார் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மேனேஜர் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. பெரியவரின் தோளையும் புஜத்தையும் ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். காய்கறி வாங்கும் அளவுக்குத் தமிழ் கற்றிருந்தார். அதை வைத்துக்கொண்டு, பெரியவரின் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாராம்:

"பெரியவரே, கோபம் வேண்டாம். மாடு பாவம்."

சிங்கப்பூருக்குப் போன பாக்கெட்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் ஆறு மாதம் படித்தார். முதல்முதலாகச் சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்ப வாய்ப்பு வந்தது. பாக்கெட்டில் இங்கிலீஷ் வாசகம் போடவேண்டும். அன்றைக்குப் பார்த்து நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி தானே ஒரு வாசகம் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். முதல் பாக்கெட்டை எனக்கே அன்பளிப்பாகக் கொண்டுவந்து நீட்டினார். 'அப்பளம் விச் ஈட்ஸ் எவ்ரிபடி' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எல்லோரையும் தின்னும் அப்பளம்!

நான் அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். 'விச் இஸ் ஈட்டன் பை எவ்ரிபடி' என்று வரவேண்டும், இப்படியே விட்டால் அப்பளம்தான் ஆளைத் தின்னும் என்றேன். அண்ணாச்சி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தனை வார்த்தை நுழைக்க இடமில்லை. மேலே பிள்ளையார், கீழே செல்போன் நம்பர். சரக்கு வேறு லாரி ஏறிவிட்டது. பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

"இருக்கட்டும் சார்வாள், பயந்துக்கிட்டாவது ரெண்டு பாக்கெட் சேத்து வாங்குவாம்லா."

காப்பாற்றியவன்

இது கொஞ்சம் பெரிய விஷயம். ஜோசப் கடற்கரை ஊர்ப் பையன். அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் கடல்தான் தொழில். அவனுக்கு ஒரு கப்பல் கம்பெனியின் படகில் வேலைக்குச் சேர ஆசை. வீட்டில் அடுத்தடுத்து இரண்டு தங்கச்சிகள். இந்த வேலை கிடைக்காவிட்டால் வெளிநாடுதான் என்று முடிவு செய்து வைத்திருந்தான்.

இன்டர்வியூவில், உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வள்ளம் கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி அரைநாள் கடலில் மிதந்து, பிறகு காப்பாற்றப்பட்டவன் ஜோசப். அதையே சொல்லிவிடலாம் என்று, 'ஐ ஆம் த மேன் ஹூ ரெஸ்க்யூட் இன் த ஸீ' என்றிருக்கிறான். ஒரு அதிகாரி எழுந்து வந்து கைகொடுத்தாராம். அந்த வாரமே ஆர்டர் வந்துவிட்டது. வகுப்பில் எல்லோருக்கும் லட்டு.

அடுத்த வாரம் நான் கரும்பலகையில் 'ஹூ வாஸ் ரெஸ்க்யூட்' என்று எழுதி, 'வாஸ்' போட்டால் காப்பாற்றப்பட்டவன், போடாவிட்டால் காப்பாற்றியவன் என்றேன். ஜோசப்பின் முகம் வெளுத்துவிட்டது. வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான்.

"சார், நான் 'வாஸ்' போடல. நான் யாரையோ காப்பாத்துனேன்னு நினைச்சுல்லா வேலை குடுத்துருக்காவ."

"வேலைதான் கிடைச்சாச்சேடே. பேசாம இரு" என்றேன். ஆமாம், வாத்தியார் நான்தான் அப்படிச் சொன்னேன். மறைக்கவில்லை.

"என்னைக் கடல்லருந்து தூக்குன மாமா எங்க அடுத்த வீடு சார். தெனமும் அவரு முகத்துல முழிக்கணும்லா" என்றான்.

மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டான். கைகொடுத்த அதே அதிகாரியின் முன் நின்று, 'சார், ஐ ஆம் த மேன் ஹூ வாஸ் ரெஸ்க்யூட்' என்றிருக்கிறான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழில் முழுக்கதையையும் சொன்னான். அவர் ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷமும் கடலில் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்த மாதிரியே இருந்தது என்றான் ஜோசப். அவர் திரும்பி வந்து ஆர்டரை அப்படியே அவன் கையில் கொடுத்தார். அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாராம்:

"ஒரே வாரத்துல இங்கிலீஷு இம்புட்டுத் தேறிட்டீரே, யாருவே உம்ம வாத்தியாரு?"

ஜாடி

பாஸிவில் ஒரு பெரிய வசதி, செய்தவன் பெயரைச் சொல்லாமலே விட்டுவிடலாம். இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த மறுநாள், என் கை தவறி வீட்டில் ஊறுகாய் ஜாடி உடைந்தது. என் மனைவி கணக்கு டீச்சர். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் சில்லுகளை அள்ளிக் கொட்டிவிட்டு, நல்ல வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து வைத்தேன். வந்ததும் கம்பீரமாகச் சொன்னேன்: 'த ஜார் விச் வாஸ் புரோக்கன் திஸ் மார்னிங் வில் பி ரீப்ளேஸ்ட்.' உடைக்கப்பட்ட ஜாடிக்குப் பதில் வேறு வாங்கப்படும். யாரால் என்ற பேச்சே இல்லை.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இங்கிலீஷெல்லாம் நல்லாத்தான் இருக்கு. 'பை'க்கு அப்புறம் யாரு பேரு வரும்னு மட்டும் சொல்லுதியளா?"

பாராட்டு

போன மாதம் வகுப்புக்காரர்கள் எனக்கு ஒரு டீ பார்ட்டி வைத்தார்கள். வரவேற்புரை பஸ் கண்டக்டர் சுடலைமுத்து. 'வாஸ்' விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் கிடைத்த இடமெல்லாம் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் என்னைக் கைகாட்டி, 'ஹி இஸ் த மாஸ்டர் ஹூ வாஸ் டாட் பை ஆல் ஆஃப் அஸ்' என்றான். நாங்கள் எல்லோரும் பாடம் சொல்லிக்கொடுத்த எங்கள் மாஸ்டர்! எல்லோரும் கைதட்டினார்கள். திருத்தலாம் என்று நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த தையல்கடை பிச்சம்மாள், நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் 'ஏன்' கேட்கிறவள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க சார்வாள், அவன் சரியாத்தான் சொல்லுதான்."

ஆக, இங்கிலீஷைத் தப்பாகப் பேசியவர்களெல்லாம் நினைத்த இடத்துக்குப் போய்விட்டார்கள், சரியாகப் பேசத் தெரிந்த நான்தான் இன்னும் பாளையங்கோட்டையைத் தாண்டவில்லை.