எங்கள் வாசலில் போட்ட வார்டுக் கோடு

கையில் கோணி ஊசி, மடியில் கேஸ் கட்டு. வக்கீல் ஆபீஸில் காகிதம் தைக்கிற வேலை எனக்கு. கட்சிக்காரருக்கு நியாயம் கிடைக்குமோ கிடைக்காதோ, தைக்கிறவள் விரலில் ஊசி ஏறுவது நிச்சயம்.

இப்போது தைப்பது எங்கள் தெரு வழக்கையே. மயிலாப்பூரில் ஆட்டோ திரும்ப இடமில்லாத எங்கள் தெருவை நடுவில் கோடு போட்டு ரெண்டு வார்டாக்கிவிட்டார்கள். கவுன்சிலர் ரெண்டு பேர், சாக்கடை ஒன்று. அது பொங்குவது என் வாசலில்; என் பிள்ளைக்குத் தவழ்கிற வயசு. உங்கள் தெருவிலும் கோடு விழுந்திருந்தால் வாங்க, சேர்ந்து மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

பக்கத்து வார்டு

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். இருந்தும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வார்டு ஆபீசுக்குப் போனேன். "சாக்கடை மூடி பக்கத்து வார்டும்மா" என்றார்கள். அங்கே போனால், "பொங்குறது உங்க பக்கம்தானே?" என்றார்கள். கூட வந்த எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. "இன்னா நைனா, நாத்தம் மட்டும் கோட்டைத் தாண்டி வருது, உன் ஆளு தாண்ட மாட்டானா?"

ஆட்சேபணை

தெருவே சேர்ந்து எங்கள் வக்கீல் சாரிடம் வந்தது. கோடு போடும் முன்பே ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்களாம். யாரும் வாய் திறக்கவில்லையாம். எங்கே ஒட்டினார்கள் என்று சார் விசாரித்தார். ஏதோ ஒரு ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில், பழைய நாற்காலிகளுக்குப் பின்னால். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அங்க ஒட்டினா பூனைதான் ஆட்சேபணை சொல்லணும்!"

ஒன்றாகச் சேர்

ஒரு நாள் சார் போனில், "ரெண்டா பிரிச்சது செல்லாது, பழையபடி ஒண்ணாச் சேர்த்தாகணும்" என்று சத்தம் போட்டார். கதவுக்கு வெளியே நின்ற குமாஸ்தா முருகேசன் அண்ணன், நான் ரெண்டு கட்டாகத் தைத்து வைத்திருந்த காகிதத்தைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். அவசரமாக என்னைப் பிரிக்கச் சொல்லி, ஒரே கட்டாகத் தைக்கவைத்தார். அம்மிக்கல் கனம். சார் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் தெருவைச் சொன்னேன்டா!" என்றார். அண்ணன் அசரவில்லை. "தெரு சேர லேட்டாகும் சார், கட்டாவது சேரட்டும்."

உடனடி நடவடிக்கை

கோர்ட்டில் கேள்வி கேட்டதும் ரெண்டு வார்டிலிருந்தும் ஒரே நாளில் ஆள் வந்துவிட்டார்கள். அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு! இவர்கள் சேற்றை வாரிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட, அவர்கள் இந்தப் பக்கம் திருப்பிப் போட, கடைசியில் எல்லாம் என் வாசற்படியில் குவிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். மும்தாஜ் அக்கா மாடியிலிருந்து கேட்டார்: "கேஸ் ஜெயிச்சு ஒரே வார்டாயிட்டா, அப்போ யார் மேல தள்ளுவீங்கோ?"

ஆக மொத்தம் நான் கண்டது, கோடு போடுகிறவர்களுக்கு ஒரு பென்சில் போதும், அதை அழிக்கச் சொல்லி அலைகிற நமக்குத்தான், இதோ முருகேசன் அண்ணன் படியிலிருந்து "இன்னிக்குத் தீர்ப்பும்மா, ஆட்டோ நிக்குது, கட்டைக் கொண்டா" என்று கத்துகிறார், வந்துட்டேன் அண்ணே, இந்த ஒரு முடிச்சு மட்டும்