அக்கா கொடுத்துவிட்ட கிரைண்டர்

அக்காவின் முதலாண்டு நினைவில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு மாவு கிரைண்டருக்காக, அக்காவோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவன் நான்.

அக்கா சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் பிறந்தார், அங்கேயே வாழ்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு, எனக்கு எட்டு. படிப்பை நிறுத்திவிட்டு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். உருப்பெருக்கியில் குனிந்து சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, குறையுள்ளதை ‘ரிஜெக்ட்’ தட்டில் போடுவது வேலை. முப்பத்தொரு வருடம் அதையே செய்தார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார், தான் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “வந்ததெல்லாம் ரிஜெக்ட்டுடா” என்பார். என்னைப் பார்க்கும் பார்வையிலும் அந்த உருப்பெருக்கி இருந்தது. எந்தத் தட்டில் போடுவது என்று அவர் கடைசிவரை முடிவு செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு இட்லிதான் எங்கள் குடும்பத்துக்குக் காலை உணவு. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு, இட்லி வேறு மாதிரி இருந்தது. சமையலறையில் கிரைண்டர் இருந்த இடம் காலி.

“ஜமீலாவுக்குக் குடுத்துட்டேன். இது தேக்கா மார்க்கெட்டுல வாங்கின மாவு.”

ஜமீலா மேல்மாடியில் இருப்பவர், அக்காவின் முப்பது வருடத் தோழி.

“என்னக்கா, அம்மா வச்சிருந்த கிரைண்டர். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“நீ என்னைக்குடா மாவு அரைச்ச?”

அரைத்ததே இல்லை. அதனால்தான் கோபித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அக்கா என்னைத் தன் முகவராக நியமித்து எல்பிஏ என்னும் அதிகாரப் பத்திரம் எழுதினார். தன்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் அவருக்காக நான் முடிவெடுக்கலாம். கிரைண்டருக்கு ஈடாக இதைத் தருகிறார் என்று மன்னித்தேன். மஞ்சள் மையால் கோடிட்டுப் படித்து, பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

சென்ற ஆண்டு அக்காவின் புற்றுநோய் நுரையீரல்வரை பரவியது. கூடவே நிமோனியா. மூச்சுக் குழாய் பொருத்தி வெண்டிலேட்டரில் வைத்தார்கள். அக்கா கண் திறக்கவில்லை. மருத்துவர், என் மகள் வயதுத் தமிழ்ப் பெண், இனி குணமாகும் வாய்ப்பில்லை, அடுத்து என்ன செய்வதென்று பேச வேண்டும் என்றார். நான் கோப்பைத் திறந்து மேசையில் வைத்தேன்.

“எல்லா டிரீட்மெண்டும் நடக்கணும். எதையும் நிறுத்தக் கூடாது. அதிகாரம் என்கிட்டதான் இருக்கு.”

அவர் கோப்பை மெதுவாக என் பக்கம் திருப்பினார். “அங்கிள், இத வச்சு ஆன்ட்டி எங்க தங்கணும், யார் பாத்துக்கணும்னு நீங்க முடிவு பண்ணலாம். ஆனா உயிரைத் தாங்குற சிகிச்சைய முடிவு பண்ண முடியாது. வேணும்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி.”

“அப்ப யாரும்மா முடிவு பண்றது?”

“நாங்கதான். அவங்களுக்கு எது நல்லதுன்னு பாத்து. அதுக்கு ஆன்ட்டி எப்படிப்பட்டவங்கன்னு நீங்க சொல்லுங்க.”

அந்த வரி பத்திரத்தில் இருந்தது. நான் மஞ்சள் போடாத வரி அது ஒன்றுதான்.

சொல்ல ஆரம்பித்தேன். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அக்காவுக்குத் தாங்காது, எங்கிருந்தாலும் வந்து நிறுத்துவார் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். மருத்துவர் தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் அழைத்தார். குணமாகாத நிலை வந்தால் உயிரை நீட்டிப்பதற்காக மட்டும் எதையும் செய்ய வேண்டாம் என்று அக்கா முன்பே எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்திருந்தாராம். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து, அந்த நிலை வந்துவிட்டது என்று உறுதி செய்தார்கள். குழாயை எடுத்தார்கள். வலிக்கு மருந்து தொடர்ந்தது. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, மாலை நான்கு மணிக்கு, வழக்கமாகத் தேநீர் போடும் நேரத்தில், அக்கா அமைதியாக விடைபெற்றார்.

அப்படி எழுதி வைத்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற வருத்தம் மட்டும் போகவில்லை. பதினாறாம் நாள் ஜமீலா சொன்னார்: “அதுல சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும் தம்பி. ஒண்ணு கிளினிக் டாக்டர், இன்னொண்ணு நான். உங்ககிட்ட சொன்னா முதல்ல அழுவீங்களாம், அப்புறம் படிச்சிட்டு வந்து அக்காவுக்கே பாடம் எடுப்பீங்களாம்.”

இரண்டும் உண்மை. அவர் இன்னொன்றும் சொன்னார். இறப்பவரிடமிருந்து ஏதாவது கிடைக்கப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. அக்காவோ பல வருடமாக, “என் காலத்துக்கு அப்புறம் கிரைண்டர் உனக்குத்தான்” என்று ஜமீலாவிடம் சொல்லி வந்தவர். விதியைக் கேட்டதும் வீட்டுக்கு வந்து, கிரைண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மின்தூக்கியில் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டாராம். “இந்தா, இப்பவே வச்சுக்க. இனிமே நான் போறதுல உனக்கு ஒண்ணும் கிடையாது. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு.”

அம்மாவின் கிரைண்டரைக்கூடச் சட்டத்துக்காகத் தியாகம் செய்த நேர்மை அது. அதற்குத்தான் நான் இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்காவைக் கடைசிவரை மனுஷியாக நடத்திய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக ஜமீலாவுக்கு.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டவர், தியாகம் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது மோட்டார் போன கிரைண்டர் லா தம்பி. ரிஜெக்ட்டுன்னு சொல்லித்தான் அக்கா குடுத்தாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் தேக்காவுலதான் மாவு வாங்குறேன்.”