ஆடிப் பதினெட்டில் அறுத்த கயிறு

மாரியாத்தாளை நம்பி இருக்கிற எல்லாருக்கும், பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டுப் பொம்பளை சொல்லிக்கொள்வது.

போன வருஷம் தை மாதம் என் கீழ் ஈறில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. வெற்றிலை விளைகிற வீட்டில் வாக்கப்பட்டவள் நான். வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் என் வாய் இருந்ததில்லை. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் கொப்பளித்தேன். பங்குனியில் பல் ஆடியது. சித்திரையில் தாடை வீங்கிக் களி உருண்டை உள்ளே போகவில்லை. முழுங்க முடியாமல் சேலைத் தலைப்பில் துப்பினேன். தலை நிமிர்ந்து நடந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

வலி தாங்காமல் கடைசியில் போன சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். ஒரு பக்கத்துத் தாடை எலும்பையே எடுக்க வேண்டுமாம். தாடை இல்லாத முகத்தோடு ஊருக்குள் போவதை நினைத்தேன். செத்துப்போகிறேன் என்று டாக்டரிடமே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டாம். மெலிந்த எலும்பைத் தோலோடும் ரத்தக் குழாயோடும் எடுத்துத் தாடையாக வளைத்து வைப்பார்களாம். அந்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு தைத்துவிட்டால் ரத்தம் ஓடி, வைத்த சதை பிழைத்துக்கொள்ளுமாம்.

"ஓடலீன்னா என்னுங்க ஆகும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கருத்துப்போயிரும். எடுத்துரணும்," என்றார் டாக்டர்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் நான் அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கால் எலும்பு வாய்க்கு வந்துட்டா, இனி நீ வைஞ்சாக்கூட ஒதச்ச மாதிரித்தான் இருக்கும் புள்ள," என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

ஆடி மாதம் ஆபரேஷன். அதற்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கட்டிய நாளிலிருந்து கழுத்தை விட்டு இறங்காத தாலி. கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

கண் விழித்தால் பேச்சு இல்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய். மூக்கில் ஒரு குழாய், அது வழியாகத்தான் கஞ்சி. தாடை, கழுத்து எல்லாம் மரத்துக் கிடந்தது. நர்சுப் பெண் அடிக்கடி வந்து டார்ச் அடித்து, வாய்க்குள் வைத்த சதை கருக்கிறதா என்று பார்ப்பாள். "கழுத்துல நகை எதுவும் போட்றாதீங்க," என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

அந்த வாரம் ஆடிப் பதினெட்டு வந்தது. பொம்பளைகள் தாலிக்கயிறு மாற்றுகிற நாள். என் நாத்தனார் பாவாயி ஜேடர்பாளையத்தில் காவிரிக்குப் பூசை வைத்து, மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த கயிற்றோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா வெறுங்கழுத்தோட கெடக்கறாளேடா. கட்டு தம்பி."

"நர்சம்மா வேண்டாம்னாங்களே அக்கா."

"அந்தப் புள்ள நகைதான வேண்டாம்னுச்சு? இது நூலு. நூலு எந்த ஊருல நகையாச்சு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண்ணாலேயே கட்டச் சொன்னேன். அவர் கட்டினார். போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் டார்ச் அடித்த நர்சுப் பெண்ணின் முகம் மாறியது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் வாய்க்குள் ஊசியால் குத்தினார். நாவல்பழச் சாறு மாதிரி கருரத்தம் வந்தது. வைத்த சதை நீலம் பாரித்துவிட்டதாம். போர்வையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். வீங்கின கழுத்தில் கயிறு புதைந்து கிடந்தது. மஞ்சள் துண்டு, தைத்த குழாயின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தது. மரத்த கழுத்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நர்சு கத்திரியை எடுத்தாள். பாவாயி குறுக்கே விழுந்தாள். "அறுக்காத கண்ணு! தம்பி கல்லாட்டம் நிக்கறான். அவன் இருக்கறப்பவே தாலிய அறுப்பியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாலி போவதா, முகம் போவதா? கேட்கக்கூட வாய் இல்லை. ஆத்தாளே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

அப்போது அவர் குரல் கேட்டது. "கத்திரிய இங்க குடுங்கம்மா. கட்டுனவன் நானு, நானே அறுக்கறேன். அவ இருந்தாத்தான், அக்கா, கயித்துக்கு வேல."

கத்திரிச் சத்தம் காதில் விழுந்தது. பாவாயி முகத்தை மூடிக்கொண்டாள்.

சதை தெளியாவிட்டால் மறுபடி கழுத்தைத் திறக்க வேண்டும், அப்படியும் உறுதி இல்லை என்றார் டாக்டர். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதுவரை ஆத்தாளிடம் முகத்தைக் கொடு, மானத்தைக் கொடு என்றே கேட்டிருந்தேன். அப்போது அப்படிக் கேட்க வரவில்லை. "தாயே, ஒரு வாய்க் கஞ்சி. என் வாயால குடிக்கணும். அது போதும்." இதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் மறுபடியும் குத்தினார்.

"பாட்டி, செவப்பா வருது!" என்று நர்சுப் பெண் பாவாயியைப் பார்த்துக் கத்தினாள். பாவாயி ஆஸ்பத்திரித் தரை என்றும் பாராமல் நெடுக விழுந்து கும்பிட்டாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதுவரை தாலிக்கயிறாக எனக்குத் துணை நின்ற ஆத்தாள், அன்றைக்குக் கயிற்றை அறுக்கும் தைரியமாக அவர் கையில் வந்தாள். இதுதான் என் நம்பிக்கை.

புண் ஆறிய பிறகு, புற்று மறுபடி வராமலிருக்கக் கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியம். அந்த வேதனையையும் தாண்டினேன். பழைய முகம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கிறது. பல் இல்லை. உதட்டில் சூடு தெரியாது. எலும்பு எடுத்த காலால் குந்தி உட்கார முடியாது. புகையிலையை ஆபரேஷனோடு விட்டேன். தொண்டைக் குழாயை எடுத்த அன்று டாக்டர் ஏதாவது பேசுங்கள் என்றார். "ஏனுங்க," என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். குழறலாகத்தான் வந்தது. "என்ன புள்ள?" என்றார் அவர், அவ்வளவு வேகமாக.

இந்த வருஷம் கோயிலில் ஊற்றிய கூழை எல்லார் முன்னாலும் நின்று குடித்தேன். கடைவாயில் கொஞ்சம் வழிந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

தாய்மாரே, ஐயாமாரே, ஆறாத புண்ணைத் தலைப்பால் மறைக்காதீர்கள். கழுத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேளுங்கள், வெட்கமில்லை. ஆத்தாளை நம்புங்கள். நம்பிக்கொண்டே போய் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.