ஆளில்லாத வீட்டுப் பன்னீர் ரோஜா

இன்று டூட்டி முடிந்து, அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் வீட்டுக்குப் படியேறும்போதே பன்னீர் ரோஜா மணந்தது. கையை மூடிக்கொண்டேன்.

என் பத்து வயதில் அபுதாபியில் நாங்கள் இருந்த பழைய வில்லாவை இப்போது இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். காலி என்று வீட்டுக்காரர் நகராட்சிக்கு எழுதிக்கொடுத்திருந்த அந்த வீட்டுக்குள், பலகைத் தடுப்புகளுக்குப் பின்னால், கொடியில் துணி போடாமல், வாசலில் செருப்பு விடாமல், பகலில் இருமலைக்கூடத் தலையணையில் அமுக்கிக்கொண்டு ஆறு குடும்பங்கள் இருந்தோம். உம்மா மட்டும் ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் சுவரோரத்து ரோஜாவுக்கு ஊற்றிவந்தாள்.

“ஆளில்லாத வீட்டுல பூ பூக்குமாடி? இந்த வெயில்ல யாரு தண்ணி ஊத்துனான்னு சோதனைக்கு வர்றவன் கேக்க மாட்டானா?” என்பார் வாப்பா.

“ஜின்னு ஊத்துச்சுன்னு சொல்லுங்க.”

அதனால் தினமும் விடிவதற்குள் மொட்டுகளைக் கிள்ளிவிடுவது என் வேலையானது. நாள் முழுக்க விரல் மணக்கும். கையை மூடியே வைத்திருப்பேன். ஒருநாள் உம்மா ஆசைப்பட்டாளே என்று ஒன்றை விட்டுவைத்தேன். மதியம் சோதனைக்கு வந்தவர் அதைக் குனிந்து முகர்ந்தார், சிரித்தார், பிறகு கதவைத் தட்டினார். ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் படிப்பும் அதோடு கலாஸ்.

இன்று கதவைத் திறந்தால் ஜன்னல் தொட்டியில் ஒரு பூ.

“வாப்பா, லுக்! இன்னும் ஃபோர் மொட்டு இருக்கு,” என்றாள் மகள்.

எங்களைப்போல் தடுப்பு வைத்துக் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்று கீழே வாசலில் ஒட்டியிருந்த தாளை அவள் பார்க்கவில்லை.

“ரொம்ப அழகும்மா,” என்றேன். அதற்குள் என் விரல்கள் முதல் மொட்டைப் பிடித்துவிட்டிருந்தன.